தாய்ப்பத்திரம் யார் கையில்? டெல்டாவில் டூயல் பூட்டும் செக்யூர் பூட்டும்

2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, பேப்பரிலும் டிவியிலும் அதிகம் அடிபட்டது அதோடு சேர்த்துக் கொடுத்த ஏஐ சந்தாதான். டெல், ஏசர், எச்பி என்று மூன்று கம்பெனிப் பெட்டிகள். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விவரப் பட்டியலின் நடுவே இருந்த இன்னொரு வரியைப் பலரும் தாண்டிப் போய்விட்டார்கள்: விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் போட்டு அரசே பிள்ளைகள் கையில் கொடுக்கிறது. தஞ்சாவூர் மன்னர் சரபோஜி கல்லூரி, கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி, திருவாரூர் திரு.வி.க. கல்லூரி மாதிரியான அரசுக் கல்லூரிகளில் படிக்கும், பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொடும் பிள்ளைகளுக்கான திட்டம் இது.

அந்தப் பிள்ளை பாஸ் வேண்டாம், உபுண்டு போடலாம் என்று நினைத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போட நினைக்கும் அண்ணனுக்கு என்ன ஆகும்? தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் எந்த சர்வீஸ் கடையில் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: “மொதல்ல செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிடுங்க தம்பி.” பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. டூயல் பூட் போடும்போது கால் தட்டும் இடங்களில் பெரும்பாலானவை செக்யூர் பூட்டுக்கு வெளியே இருக்கின்றன. செக்யூர் பூட்டுக்கு உள்ளே இருக்கும் பிரச்சினையோ வேறு: சாவி யாருடையது என்ற பிரச்சினை.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதில்லை. 2006-க்குப் பிந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் பத்தாண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வீடுகளுக்குக் கொண்டுபோனது. அவற்றில் பலவற்றிலும் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்ததை ஒட்டி, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறும்படி கோட்டையிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. 2018-ல் மாறிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுக்கு அடுத்து உபுண்டுவுக்கும் ஒரு பகுதி உண்டு. காகிதத்தில் பார்த்தால் இரண்டு இயங்குதளம் என்பது இந்த மாநிலத்தின் அறிவிக்கப்படாத கொள்கை. நடைமுறையில், அம்மா படம் போட்ட லேப்டாப்பில் பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமா ஏற்றிக்கொண்டதுதான் அதிகம் நடந்தது. குற்றம் சொல்ல முடியாது. அது எதற்கு என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டும் ஏன் வேண்டும் என்று கேட்டால், டெல்டாவில் அதற்குப் பதில் கடைத்தெருவிலேயே இருக்கிறது. அரிசி ஆலைக் கணக்கு டாலியில். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர்தான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருபது வருஷக் கோப்புகள் அடைந்து கிடக்கின்றன, அவற்றை விட்டு யாரும் அசைய மாட்டார்கள். டெண்டர் போடும் ஒப்பந்ததாரரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும், இ-சேவை மையத்தின் கைரேகைக் கருவிக்கும் கடைக்காரர் கொடுக்கும் டிரைவர் விண்டோஸுக்குத்தான். இதெல்லாம் அப்பாவின் வேலை. அதே பெட்டியில் படிக்கும் மகளுக்கு பைத்தான், சி, சர்வர் வேலை என்று லினக்ஸ் தேவைப்படுகிறது. வீட்டுக்கு ஒரு லேப்டாப் இருக்கும் இடத்தில் டூயல் பூட் ஆடம்பரமில்லை.

பழைய பெட்டிகளில் இது சுலபமாக இருந்தது. பயாஸ் என்ற சிறு நிரல், வட்டின் முதல் செக்டரில் எது இருந்தாலும் அதை ஓட்டும். யார் எழுதியது என்று கேட்காது. 2011 முதல் சில ஆண்டுகள் வந்த அரசு லேப்டாப்புகள் இந்த வகை. பிந்தைய சில மாடல்களில் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு இருந்தது. குறிப்பிட்ட காலம் கழிந்தால் கணினி துவங்காமல் திறப்பு எண் கேட்கும், பிள்ளைகள் அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு நடப்பார்கள். செக்யூர் பூட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் கணினி துவங்குவதையே மேலே இருக்கும் ஒருவர் நிறுத்தி வைக்கலாம் என்பதை நம்மூர்ப் பிள்ளைகள் முதலில் கற்றது அங்கேதான்.

பயாஸின் இடத்துக்கு வந்தது யுஇஎஃப்ஐ. அதன் 2.3.1 பதிப்பில், 2011-ல், துவங்க வரும் நிரலின் கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் முழு வடிவம் பெற்றது. விண்டோஸ் 8 முத்திரையோடு விற்க வேண்டுமானால் அதை இயக்கி வைத்தே பெட்டியை அனுப்ப வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை போட்டது. 2012 அக்டோபரில் அந்தப் பெட்டிகள் கடைக்கு வந்தன. காரணம் நியாயமானதுதான். இயங்குதளம் எழுவதற்கு முன்பே நுழைந்துவிடும் பூட்கிட் வகை வைரஸை உள்ளிருந்து எந்த ஆன்டிவைரஸாலும் பார்க்க முடியாது. 2023-ல் வெளிச்சத்துக்கு வந்த பிளாக்லோட்டஸ், செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்த விண்டோஸ் 11-லேயே புகுந்தது என்பதைப் பார்த்தால், ஆபத்து கற்பனையில்லை என்பதும் இந்தக் காவலில் ஓட்டை உண்டு என்பதும் ஒருசேரத் தெரியும்.

அது வேலை செய்யும் விதத்தை நிலம் வாங்கிய யாருக்கும் சொல்லிப் புரிய வைத்துவிடலாம். கிரயப் பத்திரம் செல்லுமா என்று பார்க்கிறவர் அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று தாய்ப்பத்திரம் வரை போவார். மதர்போர்டின் நினைவகத்தில் சில சாவிகளும் பட்டியல்களும் பதிந்திருக்கின்றன. உச்சியில் பெட்டி செய்த கம்பெனியின் சாவி. அதன் கீழே, பட்டியலைத் திருத்த அதிகாரம் பெற்ற சாவி. அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்டுடையது. பிறகு, யாருடைய கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல் ஒன்று, எதையெல்லாம் ரத்து செய்தாயிற்று என்ற பட்டியல் ஒன்று. துவங்க வரும் ஒவ்வொரு நிரலும் இவற்றோடு ஒத்துப் பார்க்கப்படும். சங்கிலி ஒத்து வந்தால் துவங்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் லினக்ஸ் உலகம் கொதித்தது இயல்பே. அப்போது ரெட்ஹாட்டில் இருந்த மேத்யூ காரெட் 2011 செப்டம்பரிலேயே எச்சரித்து எழுதினார். ஸ்பெயினின் ஹிஸ்பாலினக்ஸ் அமைப்பு 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையத்தில் புகாரே கொடுத்தது. விண்டோஸ் 8 காலத்தில் சாதாரண இன்டெல், ஏஎம்டி பெட்டிகளில் உரிமையாளர் இதை அணைக்க வழி இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது அந்த நிபந்தனை கம்பெனியின் விருப்பமாகச் சுருங்கியது. ஆனாலும் இங்கே கடையில் விற்கும் பெட்டிகளில் அணைக்கும் வழி இன்றும் இருக்கிறது. பயந்த அளவுக்குக் கதவு சாத்தப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் காரெட்டும் மற்றவர்களும் எழுதிய ஷிம் என்ற குட்டி நிரல்.

லினக்ஸ் வழங்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கெர்னலையும் மைக்ரோசாஃப்டிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க முடியாது. எனவே ஷிம்முக்கு மட்டும் கையெழுத்து வாங்குகிறார்கள். 2012-ல் ஃபெடோரா சொன்ன கணக்குப்படி அதற்கான செலவு ஒருமுறை 99 டாலர். ஷிம்முக்குள் அந்தந்த லினக்ஸின் சொந்தச் சாவி இருக்கும். அது கிரப் என்ற துவக்க நிரலைச் சரிபார்க்கும், கிரப் கெர்னலைச் சரிபார்க்கும். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் 2012-13-ல் இது வந்தது. டெபியனில் 2019 ஜூலையில், பத்தாம் பதிப்பில்தான் முறைப்படி சேர்ந்தது. ஆக, செக்யூர் பூட் ஆன் செய்தபடியே உபுண்டு போடலாம் என்பது பத்து வருஷத்துக்கு மேற்பட்ட செய்தி. கடைத்தெருச் சடங்குக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் ஏன் இவ்வளவு பேருக்குப் பாதியில் நிற்கிறது? நான் பார்த்த வரையில் மோசமான விபத்து, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரால் வருகிறது. விண்டோஸ் 11 ஹோமிலும், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், வட்டு தானாகவே பூட்டிக்கொள்ளக்கூடும். 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. திறக்கும் சாவி டிபிஎம் சில்லில் இருக்கிறது. அது செக்யூர் பூட்டின் நிலையையும் சேர்த்து அளந்து வைத்திருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி ஒருவர் செக்யூர் பூட்டை அணைத்ததும், அளவு மாறியதைப் பார்த்துச் சில்லு சாவியைத் தர மறுக்கும். நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கணக்கில்? லேப்டாப் வாங்கிய அன்று, வீட்டில் யாருக்கும் மெயில் ஐடி ஞாபகமில்லாததால் கடைப் பையன் தன் ஐடியையோ அந்த நேரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒன்றையோ போட்டிருப்பான். பையன் இப்போது திருப்பூரில். குடும்பத்தின் பத்து வருஷப் புகைப்படமும் நெல் கொள்முதல் ரசீதின் ஸ்கேனும் அந்தப் பூட்டுக்குப் பின்னால். ‘ஆஃப் பண்ணு’ என்ற அறிவுரை ஆபத்தானது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். எதையும் தொடும் முன் அந்த எண்ணை எடுத்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும், காகித நோட்டில்.

அடுத்தது இடம். 256 ஜிபி என்று சொன்னாலும் விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் போகக் கையில் நிற்பது குறைவு. விண்டோஸின் சொந்த டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக சி டிரைவைச் சுருக்கி, லினக்ஸுக்கு 50, 60 ஜிபி விட்டால் ஒரு மாணவருக்குப் போதும். இதை சார்ஜர் மாட்டி, பேட்டரியும் நிறைந்திருக்கும்போது செய்ய வேண்டும். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு கரண்ட் எடுக்கிற நாளில், உயிர் போன பேட்டரியோடு பார்ட்டிஷனில் கை வைப்பவருக்கு அனுதாபம் மட்டுமே சொல்ல முடியும். டெல் உள்ளிட்ட சில பெட்டிகளில் லினக்ஸ் நிறுவும்போது வட்டே கண்ணுக்குத் தெரியாது. சேமிப்பு அமைப்பு ரெய்டு முறையில் இருப்பதுதான் காரணம். அதை ஏஎச்சிஐக்கு மாற்றுவதற்கு முன் விண்டோஸை சேஃப் மோடில் வரும்படி சொல்லி வைக்காவிட்டால் விண்டோஸ் எழாது. ஏசரில் செக்யூர் பூட் அமைப்பு சாம்பல் நிறத்தில் கிடக்கும். பயாஸுக்கு ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்த பிறகே கை வைக்க விடும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தவர் கதை தனி. எச்பியின் சில மாடல்களில் லினக்ஸ் போட்டு முடித்தாலும் பெட்டி நேராக விண்டோஸுக்கே போகும். எஃப்9 அழுத்தினால்தான் லினக்ஸ் இருப்பது தெரியும்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னொரு சங்கடம். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. கிரப் மெனுவில் விண்டோஸே காணவில்லை என்று அலறுபவர்கள் உண்டு. 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், வேறு இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் வந்துவிடும். கடிகாரமும் தவறும். லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால் வங்கி இணையதளம் சான்றிதழ் தவறு என்று முரண்டு பிடிக்கும், மகன் வைரஸ் என்பான். இவை எதிலும் செக்யூர் பூட்டுக்குப் பங்கில்லை. பழி மட்டும் அதன் மேல்.

செக்யூர் பூட்டே நேரடியாகக் குறுக்கே வரும் இடங்கள் மூன்று. முதலாவது, 2022 முதல் வரும் உயர் பாதுகாப்பு வகை லேப்டாப்புகள் சிலவற்றில், லெனோவோவில் குறிப்பாக, மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சாவி அணைக்கப்பட்டே வருகிறது. விண்டோஸ் மட்டும் துவங்கும், ஷிம் நிற்கும். பயாஸில் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதி என்ற ஒரு வரியை ஆன் செய்தால் போதும், செக்யூர் பூட்டைத் தொடவே வேண்டாம். இரண்டாவது, என்விடியா கிராபிக்ஸ், சில பிராட்காம் வைஃபை போன்றவற்றின் டிரைவர்கள். இவை நம் கணினியிலேயே கட்டப்படுவதால் வெளியார் கையெழுத்து இருக்காது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்பார்கள், அடுத்த துவக்கத்தில் நீலத் திரையில் மோக் மேலாண்மை என்று ஒரு மெனு வரும். சில நொடிகளுக்குள் விசையை அழுத்தி ‘என்ரோல்’ தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையை ஏதோ எர்ரர் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பிறகு வைஃபை வரவில்லை என்று லினக்ஸையே அழிப்பார்கள். மோக் என்றால் பெட்டி உரிமையாளரின் சாவி. முழு ஏற்பாட்டிலும் நம் கைக்குச் சுலபமாக வரும் அதிகாரம் அதுதான், அதையும் பத்து நொடியில் தவற விடுகிறோம். மூன்றாவது தொல்லை கரண்ட் போகிற ஊரில் உறைக்கும்: செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது பெரும்பாலான லினக்ஸ்களில் கெர்னல் இறுக்கிக்கொள்வதால் ஹைபர்னேட் வேலை செய்யாது.

சங்கிலி நடுவில் அறுந்ததும் உண்டு. 2020 ஜூலையில் கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை வெளிவந்தது. பழைய கிரப்களையும் ஷிம்களையும் ஒவ்வொன்றாக ரத்துப் பட்டியலில் சேர்க்கப் போனால், மதர்போர்டில் அதற்கென்று இருக்கும் சொற்ப இடம் விரைவில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. எனவே ஷிம் எழுதுபவர்களும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்பாட் என்ற தலைமுறை எண் முறையைக் கொண்டுவந்தார்கள்: இந்தத் தலைமுறைக்கு முந்தையது எதுவும் செல்லாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நல்ல யோசனை. 2024 ஆகஸ்ட் 13 அன்று விண்டோஸ் அப்டேட் அதைப் பெட்டிகளில் எழுதியது. டூயல் பூட் பெட்டிகளுக்கு இது போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. கண்டுபிடிக்கும் நிரல் பல பெட்டிகளைத் தவறவிட்டது. மறுநாள் லினக்ஸ் துவங்கவில்லை. ஏதோ மிக மோசமாகத் தவறிவிட்டது என்று ஒரு வரி மட்டும் திரையில். நிரந்தரத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. ஒன்பது மாதம்! இதைச் சொல்லிச் செக்யூர் பூட்டை வெறுப்பவரோடு என்னால் முழுதாகச் சண்டை போட முடியாது. வீட்டில் இரண்டு பேர் குடியிருக்க, ஒருவர் மட்டும் பூட்டை மாற்றும் அதிகாரம் வைத்திருக்கிறார் என்பதை அந்த ஆகஸ்ட் காட்டியது.

அப்படியும் ஆனிலேயே வைத்திருக்கச் சொல்கிறேன். பென்டிரைவ்களைக் கைமாற்றிக்கொண்டே வாழும் கல்லூரி விடுதி, யார் யாரோ கை வைக்கும் இ-சேவை மையம் போன்ற இடங்களில் அடித்தளக் காவலுக்கு மதிப்பு உண்டு. அணைத்தால் கிடைக்கும் லாபமோ, ஒரு நாள் வேலை மிச்சம். அதோடு, டூயல் பூட்டே எல்லோருக்கும் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். பைத்தான் பாடத்துக்கும் சி நிரலுக்கும் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் தாராளம். 8 ஜிபி ராமில் அது திணறாது, முழு மெய்நிகர் கணினி கொஞ்சம் திணறும். லினக்ஸை அன்றாட வீடாக்கிக்கொள்ள நினைப்பவருக்கு மட்டுமே பார்ட்டிஷன் வேலை. அவர்களுக்குத் தமிழில் வழி சொல்ல 2012 முதல் கணியம் மின்னிதழ் இருக்கிறது, சென்னை, காஞ்சி, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. டெல்டா பிள்ளைக்கு விழுப்புரம் தூரம்தான் என்றாலும் கேட்டால் பதில் வரும்.

இனி வருவது சாவிகளின் ஆயுள் பிரச்சினை. மதர்போர்டுகளில் பதிந்திருக்கும் மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களில், ஷிம்முக்கு அடிப்படையான மூன்றாம் தரப்புச் சான்றிதழ் 2026 ஜூனிலும், விண்டோஸின் சொந்தச் சான்றிதழ் அக்டோபரிலும் காலாவதி. அன்றே பெட்டிகள் நின்றுவிடாது. ஏற்கெனவே கையெழுத்தானது தொடர்ந்து துவங்கும், ஃபர்ம்வேர் பெரும்பாலும் தேதியைப் பார்ப்பதில்லை. புதிய ஷிம்கள் 2023-ஆம் ஆண்டுச் சாவியால் கையெழுத்தாகி வரும்போது, அந்தச் சாவி பதியாத பெட்டி அவற்றை ஏற்காது. பதிய வைக்கும் வேலையை விண்டோஸ் அப்டேட்டே செய்கிறது, லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவியும் செய்யும். ஆகவே இரண்டும் வைத்திருப்பவர் விண்டோஸ் பக்கத்தை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டுவிடாமல், அவ்வப்போது அப்டேட் ஓட விடுவது லினக்ஸுக்கும் நல்லது. 2024 ஆகஸ்டில் கெடுத்த அதே குழாய் வழியாகத்தான் இந்தச் சாவியும் வருகிறது.

இதில் இடறுவது 2017, 2019 வாக்கில் வந்த அரசு லேப்டாப்புகள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் செயலிகள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஃபர்ம்வேர் அப்டேட்டை எதிர்பார்க்கவும் முடியாது. அவற்றில் விண்டோஸைக் கட்டிக்கொண்டு டூயல் பூட் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. டாலி வேண்டாத வீடாக இருந்தால், முக்கியமானதை ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஒன்றை மட்டும் போடலாம். ராம் 4 ஜிபி இருந்தால் போதும். புதிய சாவியை அந்தப் பெட்டி கடைசிவரை ஏற்காமல் போனால், அங்கே மட்டும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்.